அசுரான்ஸ் அக்கா

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் வரிசையாக நிறுத்தியிருந்த வாகனங்களின் முன்கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தபடி ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். தண்டம் எழுதுகிறவர் என்று நினைத்து, கடைக்குக் கொடுக்கக் கொண்டுவந்த இடியப்பப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு என் வானை நோக்கி ஓடினேன். அவர் என் கண்ணாடியை இரண்டு தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, உங்கடை அசுரான்ஸ் இந்த மாதத்தோடை முடியுது. புதுசு வந்திட்டுதோ?"

காப்புறுதிக்குப் பிரெஞ்சில் அசுரான்ஸ். அந்தக் காலத்தில் காப்புறுதி உள்ள ஒவ்வொரு வாகனத்தின் கண்ணாடியிலும் மூலையில் ஒரு சின்னப் பச்சைத் துண்டு ஒட்டியிருக்கும். அதில் முடிவு திகதி இருக்கும். பொலிஸைத் தவிர அந்தத் துண்டைப் படிக்கிற ஆளை அன்றுதான் முதல் தடவை கண்டேன். புதுத் துண்டு வந்து, வீட்டு மேசையில் உறையோடு கிடந்தது. அதைச் சொன்னேன்.

"உறைக்குள்ளை இருந்தால் கண்ணாடிக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

கடைக்காரரிடம் விசாரித்தேன். "அது அசுரான்ஸ் அக்கா" என்றார். கொம்பனியில் வேலையா என்று கேட்டதற்குச் சிரித்தார். ஒரு கொம்பனியும் இல்லை, அவ சும்மா பார்க்கிறவ என்றார். ஏன் பார்க்கிறார் என்பது அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அது ஒரு நமைச்சலாகவே இருந்தது.

அக்கா பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்தார். காலையில் றுவாசி விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு வேலை. மத்தியானம் ரயிலேறி வந்து, ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்கோடியில் இருந்த ஒரு போட்டோகொப்பிக் கடையின் பின்மேசையில் இருப்பார். விண்ணப்பங்கள் நிரப்புவார், பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வார். ஐம்பது வயதிருக்கும். குள்ளம். கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கறுப்பால் நிரப்புவார், நீலத்தால் கையெழுத்து வைக்கச் சொல்வார். "நீலத்திலை வைச்சால்தான் எது கொப்பி, எது ஒறிஜினல் எண்டு தெரியும்" என்பார். கையெழுத்து முடிந்ததும் நீலப் பேனாவைத் திரும்ப வாங்கிவிடுவார்.

எந்தக் கடதாசியைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். கலியாண அழைப்பிதழ், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், சலவைக்கடைச் சிட்டை எல்லாவற்றுக்கும் அதே கதிதான். மூடிய கடிதத்தைக் கண்டால் விரல்கள் சும்மா இராது.

ஒரு தடவை என் நண்பன் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். எல்லோரும் கேக் வெட்டும் இடத்தில் நிற்க, அக்கா குசினியில் பிறிட்ஜின் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே திறக்காத கடிதங்கள் ஒரு குவியலாகக் கிடந்தன.

"அது சும்மா விளம்பரம் அக்கா" என்றான் நண்பன்.

அவர் கதிரையில் ஏறி ஒன்றை எடுத்தார். "விளம்பரத்துக்கு ஏன் தம்பி கையெழுத்து வைச்சு வாங்கினனீங்கள்?"

பதிவுத் தபால். வீட்டு வாடகை விஷயம். பதில் எழுத நான்கு நாட்கள்தான் மிச்சம் இருந்தன. கேக்கைப் பிறகு தின்னலாம் என்று சொல்லி, குசினி மேசையிலேயே பதிலை எழுதி முடித்தார். நண்பனின் மனைவிக்கு நன்றி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். விருந்துக்கு வந்தவ பிறிட்ஜுக்கு மேலை ஏன் பாக்கிறா என்று பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் விபத்து ஓர் இலையுதிர் காலப் பின்னேரத்தில், போர்த் து லா ஷப்பேலுக்குக் கிட்ட நடந்தது. எனக்குப் பச்சை விளக்கு. வலது பக்கத்திலிருந்து சாம்பல் நிறக் கார் ஒன்று சிவப்பில் நிற்காமல் வந்து வானின் முன்பக்கத்தில் ஏறியது. ரோல்ஸும் வடையும் ரோட்டில் பரவின. என் இடது மணிக்கட்டு ஸ்டியரிங்கில் ஏதோ விதமாக மடங்கியிருந்தது. எலும்பு முறிந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. வலி பிறகுதான் வந்தது.

காரிலிருந்து இறங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

"தமிழோ அண்ணை?" என்றார். றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவராம், வேலைக்குப் பிந்திவிட்டதாம், சிவப்பு விளக்கைக் காணவில்லையாம். "பொலிஸ் வேண்டாம் அண்ணை. எங்களுக்குள்ளை முடிப்பம். வானை நான் திருத்தித் தாறன்."

அவருடைய கண்ணாடியில் பச்சைத் துண்டு இருந்தது. ஆகையால் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனாலும் அக்காவின் வியாதி எனக்கும் தொற்றியிருந்தபடியால், நல்ல கையால் போனை எடுத்துத் துண்டைப் படம் பிடித்தேன். எதிரே தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒரு முதியவர் தன் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். தான் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னார். பிறகு அம்புலன்ஸ் வந்தது.

அடுத்த நாள், மாக்கட்டுப் போட்ட கையோடு அக்காவின் மேசைக்குப் போனேன். அவர் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த எழுத்து சரியில்லை" என்றார்.

"என்ன சரியில்லை?"

"நான் இந்தக் கொம்பனியின்ரை துண்டு எத்தினையோ பாத்திட்டன். அவையள் இப்பிடி அடிக்கிறேல்லை."

துண்டில் இருந்த கொம்பனிக்குப் போன் செய்தார். நெடுநேரம் சங்கீதம் கேட்டது. கடைசியில் ஒரு பெண் வந்து, அந்த எண்ணில் தங்களிடம் ஓர் ஒப்பந்தமும் இல்லை என்றாள். அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் திருப்தி இல்லை. கண்ணில் மட்டும் ஒரு சுறுசுறுப்பு.

"இப்ப சொல்லுங்கோ தம்பி. உங்கடை அசுரான்ஸ் என்ன மாதிரி?"

ஆகக் குறைந்தது, சட்டத்துக்குக் கட்டாயமானது என்றேன்.

"அது நீங்கள் இடிச்ச ஆளுக்குக் குடுக்கும். வான் ஓட்டின உங்களுக்குக் குடுக்காது. உங்களை இடிச்சவரின்ரை அசுரான்ஸ்தான் உங்களுக்குத் தர வேணும். அவருக்கு அசுரான்ஸ் இல்லை. அப்ப ஆர் தருவினம்?"

"ஒருத்தரும் தராயினம்."

"பாத்தியளோ, எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம்." என் ஒப்பந்தத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, கடைசிக்கு முதல் வரியில் விரலை வைத்தார். "நீங்கள் கட்டுறதிலை ஒரு துளி ஒவ்வொரு வரியமும் ஒரு நிதிக்குப் போகுது. எல்லாற்றை ஒப்பந்தத்திலையும் போகுது. அசுரான்ஸ் இல்லாதவன் இடிச்சாலும், இடிச்சுப்போட்டு ஓடினாலும், அந்த நிதிதான் அடிபட்ட ஆளைப் பாக்கிறது. சட்டத்திலை இருக்கு. ஆனா பிழை உங்களிலை இல்லையெண்டு காட்ட வேணும். பொலிஸிலை எழுத வேணும், சாட்சி வேணும், டொக்டற்றை கடதாசி வேணும்."

"அவர் திருத்தித் தாறன் எண்டு சொன்னவர் அக்கா. எங்கடை ஆள்."

"வானைத் திருத்துவார். கையை?"

கை ஆறு கிழமையில் ஒட்டிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன்.

"ஒட்டினால் நல்லது. அஞ்சு வரியத்தாலை அந்தக் கை மடங்காட்டில் இவரிட்டைப் போய் நிப்பியளோ? அவர் அப்ப எங்கை இருப்பாரோ. நிதியிலை பதிஞ்சு வைச்சால், பிறகு மோசமானாலும் திரும்பக் கேக்கலாம்." ஒப்பந்தத்தை மடித்துத் தந்தார். "ஒண்டு சொல்ல வேணும். நிதி உங்களுக்குத் தந்திட்டு அவ்வளவையும் அவரிட்டைத் திருப்பிக் கேக்கும். விடாது. வரியக்கணக்கிலை கேக்கும். அதையும் தெரிஞ்சுகொண்டு முடிவெடுங்கோ."

அன்று நான் முடிவெடுக்கவில்லை. அக்கா, கார்க்காரர் என்னிடம் தந்திருந்த எண்ணுக்கு அடித்து, அவரை மறுநாள் வரச் சொன்னார். வந்தார். துண்டு பொய் என்று கேட்டதும் முதலில் சண்டைக்கு நின்றார். பிறகு பையிலிருந்து கடதாசிகளை எடுத்து மேசையில் பரப்பினார். போன் வழியாக ஒருவனிடம் மலிவாக எடுத்த காப்புறுதி. மாதாமாதம் கட்டிய ரசீதுகள் இருந்தன. தபாலில் பச்சைத் துண்டு வந்திருந்தது. அவன் போன் எண் இப்போது வேலை செய்யவில்லை.

"நான் கட்டினனான் அக்கா" என்றார் அவர். "ஒரு மாதமும் பிந்தேல்லை."

அக்கா எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம். உங்களை ஏமாத்திப் போட்டாங்கள்" என்றார். "நாளைக்கு நானும் வாறன். பொலிஸிலை முறைப்பாடு குடுப்பம். ஆனா தம்பி, ஏமாந்தாலும் அசுரான்ஸ் இல்லாதது இல்லாததுதான்."

கார்க்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் எழுதாட்டில் இது இதோடை போயிடும். எனக்கு மூண்டு பிள்ளையள்."

அக்காவே எனக்காக முடிவைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. அவர் சொல்லவில்லை. கறுப்புப் பேனாவால் நிரப்பிய விண்ணப்பத்தை என் முன்னால் வைத்து, நீலப் பேனாவை மேலே வைத்தார்.

"கை உங்கடை. கையெழுத்தும் உங்கடை. வைக்கிறதெண்டால் வையுங்கோ, இல்லாட்டில் கிழிச்சுப் போடுவம். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

நான் வைத்தேன். மாக்கட்டுக்குள் விரல்கள் வீங்கி இருந்தன. அந்த இரண்டு நாளும் என் மனைவிதான் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாள். அதையெல்லாம் நினைத்துத்தான் வைத்தேன். கார்க்காரர் எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் சொன்னபடி அக்கா அவரோடு பொலிஸுக்குப் போய் மூன்று மணித்தியாலம் இருந்தார் என்று பிறகு அறிந்தேன்.

கை ஆறு கிழமையில் ஒட்டவில்லை. அடுத்த வருடம் ஒப்பரேஷன் செய்து, இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து மணிக்கட்டில் வைத்தார்கள். நிதியிலிருந்து வைத்தியர் வந்து பார்த்தார். அக்கா சொன்ன ஒழுங்கில் ஒவ்வொன்றாக நடந்தது. நான் வேலை செய்யாமல் இருந்த மாதங்களுக்கும் சேர்த்து ஈடு கிடைத்தது. வானும் ரோட்டுக்கு வந்தது.

ஆனால் லா ஷப்பேல் கடைத்தெருவில் எங்கள் ஆட்களிடையே கதை வேறு மாதிரிப் பரவிவிட்டது. அசுரான்ஸ் அக்கா ஒரு தமிழனைப் பொலிஸில் காட்டிக் கொடுத்துவிட்டார், அடிபட்ட ஆள் வேண்டாம் என்று சொல்லியும் அவதான் வற்புறுத்தி எழுதுவித்தவ என்று. இதைப் பரப்பியது நான் இல்லை. ஆனால் யாராவது என்னிடம், "அவவோ எழுதுவிச்சது?" என்று கேட்டபோது, நான் "ம்" என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறேன். அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ரூ காயில் மரக்கறிக் கடை நிறைந்திருந்தது. அக்கா கறிவேப்பிலைக் கட்டோடு வரிசையில் நின்றார். நான் உள்ளே முறுக்குப் பைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தக் கார்க்காரரின் மைத்துனன் வாசலால் வந்தவன், அக்காவைக் கண்டதும் நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"உவதான் தமிழனைக் காட்டிக் குடுத்தவ. உவவிட்டை ஒரு கடதாசியும் குடுக்காதையுங்கோ."

அக்கா திரும்பவில்லை. ஆனால் அவர் கண் கடையைச் சுற்றி வந்து என்னில் நின்றது. கேட்கிற பார்வை இல்லை அது. நான் என்ன செய்வேன் என்று அறிய ஆவலாய் இருக்கிற பார்வை. கார்க் கண்ணாடியில் பச்சைத் துண்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"கையெழுத்து வைச்சது நான்" என்ற மூன்று சொற்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் ஒரு முறுக்குப் பையை எடுத்துத் திகதி பார்த்தேன்.

அக்கா பணத்தைக் கொடுத்தார். காசாளர் சிட்டையை எறியப் போனபோது, "இஞ்சை தாங்கோ" என்று கேட்டு வாங்கி, பின்பக்கம் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவர் மேசைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். போட்டோகொப்பிக் கடைக்காரர் மேசையை இன்னும் உள்ளே, கடதாசிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். நான் போவதை நிறுத்தவில்லை. என் காப்புறுதியை மாற்றும்போது, ஓட்டுகிற எனக்கே காயம் பட்டாலும் தருகிற பகுதியைச் சேர்க்கச் சொல்லி எழுதித் தந்தவர் அவர்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

ஒரு நாள் நான் அவர் மேசையில் இருந்தபோது ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். கையில் திறக்காத கடிதம். அந்தக் கார்க்காரரின் மனைவி. நான் அவளை அவரோடு ரோட்டில் கண்டிருக்கிறேன், என்னை அவளுக்குத் தெரியாது. நான் எழும்பப் போனேன். அக்கா, "இருங்கோ" என்றார். எனக்கா அவளுக்கா என்று தெரியாமல் இரண்டு பேரும் இருந்தோம்.

"இது மூண்டாவது கடிதம்" என்றாள் அந்தப் பெண். "அவர் திறக்க விடுறாரில்லை. உங்களிட்டை வந்தது தெரிஞ்சால் கத்துவார்."

அக்கா உறையைக் கத்தரியால் நேராக வெட்டினார். வாசித்தார். பின்பக்கம் திருப்பி அதையும் வாசித்தார். நிதி தான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டிருந்தது. ஒரேயடியாகக் கட்டத் தேவையில்லை, வருமானத்தைக் காட்டி எழுதினால் மாதத்துக்குச் சிறிது சிறிதாகக் கட்டலாம், எழுதாமல் விட்டால்தான் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று அக்கா விளங்கப்படுத்தினார். அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

"அழாதையுங்கோ. கட்டி முடியும். நானும் கட்டினனான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா எங்களைப் பார்க்காமல், கடிதத்தை நேராக மடித்துக்கொண்டே சொன்னார்.

"வீடு மாறினனான். அசுரான்ஸை நிப்பாட்டுறம் எண்டு வந்த கடிதம் பழைய வீட்டுக்குப் போயிட்டுது. அங்கை இருந்த பிள்ளை அதைப் பிறிட்ஜுக்கு மேலை வைச்சிட்டா. பிழை அவவிலை இல்லை. எனக்குக் கடிதம் வந்ததோ எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லை. விடியப்புறம் காரிலை றுவாசிக்கு வேலைக்குப் போகேக்கை, மோப்பெட்டிலை வந்த ஒரு வயசாளியைத் தட்டிப்போட்டன். ஆள் தப்பியிட்டார். ஆனா பிறகு நேரா நடக்கேல்லை. நிதி அவருக்குக் குடுத்தது. நான் நிதிக்குப் பதினொரு வரியம் கட்டினனான்."

"அவரை நீங்கள் பிறகு பாத்தனீங்களோ?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒருக்கால் போனனான். மன்னிப்புக் கேட்கவேணும் எண்டு பிரெஞ்சிலை பாடமாக்கிக் கொண்டு போனனான். கதவைத் திறந்தார். ஆரெண்டு சொன்னன். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு கதவைச் சாத்தினார்." மடித்த கடிதத்தை அவளிடம் நீட்டினார். "அது அவரின்ரை விருப்பம். திறக்க வேணுமெண்டு சட்டமில்லைத்தானே."

பிறகு கறுப்புப் பேனாவை எடுத்து, அவளுடைய கணவருக்கு எவ்வளவு சம்பளம், பிள்ளைகளின் வயது என்ன என்று கேட்டு எழுதத் தொடங்கினார். என் பெயரை அந்தப் பெண்ணிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த மனிதர் இப்போதும் கட்டுகிறார். அவர் மனைவி மாதாமாதம் ரசீதைக் கொண்டுவந்து கொப்பி எடுத்துக்கொண்டு போவாள். என்னை ரோட்டில் கண்டால் அவர் மற்றப் பக்கம் கடந்துவிடுவார். அவரைப் பொய்த் துண்டால் ஏமாற்றியவன் பிடிபடவில்லை.

பிறகு அரசாங்கம் பச்சைத் துண்டையே நிறுத்திவிட்டது. இப்போது எல்லாம் கணினியில், பொலிஸ் நம்பர் தகட்டை வைத்துத்தான் பார்க்கிறது. கண்ணாடிகள் வெறுமையாயின. அந்த நாட்களில் அக்கா ரூ காயில் வந்துகொண்டிருந்தபோது ஒரு காருக்கு முன் நின்று குனிந்ததைக் கண்டேன்.

"இப்ப என்ன அக்கா பாக்கிறியள்?"

"ஒண்டும் தெரியேல்லைத் தம்பி" என்றார், ஆச்சரியத்தோடு. "எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கு. இதிலை ஒண்டுக்கு அசுரான்ஸ் இல்லை. எதுக்கெண்டு தெரியாது."

போன வசந்த காலத்தில் போட்டோகொப்பிக் கடை கைமாறியது. கடையின் புது முதலாளிக்கு மேசை தேவையில்லை. அன்று பின்னேரம் கார் து நோர் ஸ்டேஷனில், கூசேன்வில் ரயில் வரும் மேடையில் அக்காவைக் கண்டேன். நான் மேடைக்கு இறங்கியது அவரைத் தேடித்தான். தற்செயல் என்று காட்டிக்கொள்ள நினைத்தேன். முடியவில்லை.

"அக்கா, அண்டைக்கு மரக்கறிக் கடையிலை நான் கதைச்சிருக்க வேணும்."

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஓம்" என்றார். "கதைச்சிருக்க வேணும்."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை விடுங்கோ என்று சொல்லவில்லை. ரயில் வர ஒன்பது நிமிடம் என்று பலகை காட்டியது. அவர் உட்கார்ந்திருந்த வாங்கில் பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்தார். நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.